ஓட்டு அதிகம் உள்ள மாநிலத்துக்கு வேட்பாளர் ஏன் வருவதில்லை?

அண்மையில் காரைக்குடியில் ஒரு மணிவிழாப் பந்தியில், மகன் குடும்பம் கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று வாழும் ஆச்சி ஒருவர், "அம்புட்டுப் பெரிய மாநிலமாம், ஆனா ஜனாதிபதிக்கு நிக்கிறவுக ஒருத்தரும் ஓட்டுக் கேட்டு வர்றதில்லையாமே, ஏன் தம்பி?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அருகிலிருந்த பட்டதாரி, "அங்கெல்லாம் டிவியிலேயே பிரசாரம் முடிஞ்சிரும் ஆச்சி" என்று முடித்துவிட்டார். அரசியல் அறிவியல் கற்பிக்கும் எனக்கு இந்த விளக்கத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நாடு முழுவதும் விழும் வாக்குகளைக் கூட்டி, அதிகம் பெற்றவரை அறிவிக்கிறார்கள் என்ற எண்ணமே பிழையின் வேர். அமெரிக்காவில் அப்படிக் கூட்டுவதே இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கப்பட்டவர்களே தேர்வாளர்கள்; மொத்தமுள்ள 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பெறுபவரே அதிபர். மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் முன்னிலை பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் போய்விடுகிறார்கள். 2016-இல் கலிபோர்னியாவில் ஹிலாரி கிளின்டன் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று 55 தேர்வாளர்களைப் பெற்றார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தாலும் அதே 55 பேர்தான். ஆனால் பொதுத்தேர்தல் பிரசாரத்துக்கு அவர் போகாமலே விட்ட விஸ்கான்சினில் ஏறத்தாழ 23,000 வாக்குகளில் தோற்றார்; நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றும் பதவி கிடைக்கவில்லை.

வகுப்பில் இதை நம் சிவகங்கை மக்களவைத் தொகுதியை வைத்தே விளக்குவேன். காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் உள்ளிட்ட ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் வாக்குகளும் ஒன்றாகக் கூட்டப்படுவதால் வேட்பாளர் ஆறிலும் அலைகிறார். ஒவ்வொரு தொகுதியிலும் முந்தியவருக்கே அதன் முழுக் கணக்கும் என்று விதி இருந்தால், வெற்றி உறுதியான தொகுதிக்கும் தோல்வி உறுதியான தொகுதிக்கும் அவர் ஏன் போகப்போகிறார்? இழுபறியான ஒன்றிரண்டில்தான் குடியிருப்பார். (நம் குடியரசுத் தலைவர் தேர்தலோடு இதைக் குழப்ப வேண்டாம், அங்கே சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகள் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டப்படுகின்றன.)

நம் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முழுத் தீவும் ஒரே தொகுதி என்பதால், பின்தங்கும் மாவட்டத்தில் கிடைக்கும் வாக்குகூட வேட்பாளருக்கு வீணாவதில்லை.

ஆகவே, நாடு தழுவிய கருத்துக்கணிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வெற்றியை அறிவிக்காதீர்கள்; பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இழுபறி மாநிலங்களின் எண்களைப் பாருங்கள். வேட்பாளர் வராத மாநிலம் மதிப்பற்றது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். ஆச்சி, உங்கள் மகனிடம் "உன் ஓட்டு வீண்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அதே வாக்குச்சீட்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான போட்டியும் இருக்கிறது, 2024-இல் கலிபோர்னியாவின் 13-ஆம் தொகுதியில் அது 187 வாக்குகளில் முடிவானது.