சத்தம் கேட்காமல் பந்து பிடித்தவர்

மட்டையில் பந்து படும் சத்தமே கேட்காத ஒருவர் உயரப் பந்தைப் பிடிக்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்க பேஸ்பால் வீரர் வில்லியம் ஹோய் பிடித்திருக்கிறார், 14 சீசன்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1862-ல் பிறந்தவர். 3 வயதில் மூளை உறைக் காய்ச்சலில் செவித்திறன் போனது. காது கேளாதோர் பள்ளியில் படித்தார், செருப்புக் கடை நடத்தினார், அப்புறம் 1888-ல் வாஷிங்டன் அணிக்காகத் தொழில்முறை பேஸ்பாலின் மேல்தட்டுக்கு வந்தார். அந்த நாளில் அவரை 'டம்மி' (ஊமை என்பதற்கான இழிசொல்) என்றுதான் அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயரை எழுதவே மனம் வரவில்லை. 1889 ஜூன் 19 அன்று, வெளிக்களத்திலிருந்து எறிந்தே ஒரே ஆட்டத்தில் 3 பேரை ஹோம் பிளேட்டில் (ஓட்டம் சேர ஓடிவந்து தொடவேண்டிய தட்டில்) அவுட்டாக்கினார்.

அவர் நின்ற இடம் பெரும்பாலும் சென்டர் ஃபீல்ட், அதாவது மட்டையாளருக்கு நேர் எதிரே உள்ள வெளிக்களத்தின் நடுப்பகுதி. பந்து நேராக உங்களை நோக்கியே கிளம்பும்; தலைக்கு மேல் போகுமா, முன்னால் விழுமா என்று முதல் நொடியில் கண்ணுக்குப் பிடிபடாது. அங்கேதான் சத்தம் உதவும் என்றார் யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர்: பந்து நன்றாகப் பட்டால் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும், சரியாகப் படாவிட்டால் மந்தமாக. ஹோய்க்கு அந்தத் துப்பு கிடையாது. கண் மட்டும்தான்.

ஆனால் கண்ணுக்கு ஓர் அற்புதமான வழி இருக்கிறது. 1968-ல் செவில் சாப்மன் என்ற இயற்பியலாளர் அதை எடுத்துக்காட்டினார். பந்து விழப்போகும் இடத்திலேயே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பார்க்கும் ஏற்றக்கோணத்தின் (தரைமட்டத்திலிருந்து பார்வை உயரும் கோணத்தின்) டேஞ்சன்ட் என்ன? பந்தின் உயரத்தை, அதற்கும் உங்களுக்கும் உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவது. உயரம், பந்து இதுவரை பறந்த நேரத்தையும் இனிப் பறக்கவேண்டிய நேரத்தையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதம். தூரமோ, இனிப் பறக்கவேண்டிய நேரத்துக்கு மட்டும் நேர்விகிதம். வகுத்துப் பாருங்கள்: இனி வரவேண்டிய நேரம் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது கடந்த நேரம் மட்டும். அதாவது டேஞ்சன்ட் ஒரே சீராக ஏறுகிறது. எதிர்காலமே கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

டேஞ்சன்டின் ஏற்றம் வேகமெடுத்தால் பின்னால் ஓடு, தளர்ந்தால் முன்னால் ஓடு, சீராக இருந்தால் நில். பந்து எங்கே விழும் என்று தெரியவே வேண்டாம். காற்றின் தடை பாதையைக் கொஞ்சம் கெடுக்கும். ஓடிக்கொண்டே திருத்திக்கொண்டால் போதும்.

பந்து பிடிப்பதற்கெல்லாம் ஆராய்ச்சி நிதியா என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகரும் பொருளை மறிக்கவேண்டிய ரோபோவுக்கும் இதே கேள்விதான்.

ஹோய் மேல்தட்டில் கடைசியாக ஆடியது 1902-ல். 1961 அக்டோபரில் சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) ஆட்டத்தைத் தொடங்கிவைக்கச் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிந்தபோது அவருக்கு வயது 99.