பெய்ஜ்: காடாவா, பழுப்பா?

பழைய கம்ப்யூட்டர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதன் நிறம்தான். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அதற்குப் பெய்ஜ் என்று பெயர். பீஜ் என்று உச்சரிப்பவர்களும் உண்டு.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆட்டின் உடம்பில் மயிர் என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில், சாயம் ஏற்றாமல், வெளுக்காமல் விட்ட கம்பளிக்கு அங்கே அந்தப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் துணியின் பெயராகத்தான் நுழைந்தது. நிறம் என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

துணியிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியது 1970களில். 1977இல் வந்த ஆப்பிள் II, 1984இல் வந்த மெக்கின்டாஷ் இரண்டும் இந்த நிறக் குடும்பம்தான். வீட்டு மேசையில் வைத்தால் உறுத்தக் கூடாது என்பது ஒரு காரணம். கண் கூசாமல் இருக்க அலுவலகக் கருவிகள் வெளிர்நிறத்தில் இருக்க வேண்டும் என்ற ஜெர்மானியப் பணியிட விதி இன்னொன்று. கடைசியில், பெரிய கம்பெனிப் பெயர் இல்லாமல் உதிரிபாகங்களைச் சேர்த்துப் பூட்டும் பெட்டிக்கே ஆங்கிலத்தில் 'பெய்ஜ் பாக்ஸ்' என்று பெயர் வந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் 'அசெம்பிள்டு' என்று கேட்டு வாங்கினோமே, அதேதான். 1998இல் ஆப்பிளின் நீலப்பச்சை ஐமேக் வந்ததும் பெய்ஜ் என்றாலே சலிப்பு என்றாகிவிட்டது.

இப்போது அதற்குத்தான் ஏக்கம். கம்ப்யூட்டர் பெட்டி செய்யும் சில்வர்ஸ்டோன் நிறுவனம் 2023 ஏப்ரல் முதல் தேதியன்று பழைய பாணியில் ஒரு பெய்ஜ் பெட்டியின் படத்தை விளையாட்டாக வெளியிட்டது. 'எங்கே கிடைக்கும்?' என்று ஆட்கள் கேட்கவே, பிறகு நிஜமாகவே செய்து விற்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? துணிக்கடையில் கேட்டால் சந்தன கலர், பிஸ்கெட் கலர் என்பார்கள். சந்தனத்தில் மஞ்சள் தூக்கல், பிஸ்கெட் கொஞ்சம் கருகல். 'இளம்பழுப்பு' என்றும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். என் ஓட்டு காடாவுக்கு. தறியிலிருந்து இறங்கி, வெளுப்புக்கும் சாயத்துக்கும் போகாத துணியை ஈரோடு, பல்லடம் பக்கம் காடா என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் கம்பளியில் கண்டதை நம்மவர் பருத்தியில் கண்டிருக்கிறார்கள். காடாவும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். இருந்தாலும் தறிக்காரர் வாயில் புழங்கித் தமிழாகிவிட்டது. தூய தமிழ்தான் வேண்டும் என்றால் 'கோடி நிறம்' எனலாம். ஆனால் இழவு வீட்டில் போடும் கோடித்துணி நினைவுக்கு வந்து தொலைக்கும்.

பழுப்பு வேறு கதை. பழு என்ற வேரிலிருந்து வந்தது; இலை பழுத்தால் வரும் நிறம் அது. பழைய கம்ப்யூட்டருக்கும் இதுதான் நடந்தது. அந்தக் காலப் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் காற்றும் பட்டுப்பட்டு அது மஞ்சளாகும். ஆப்பிள் 1986-87லேயே பெய்ஜை விட்டு 'பிளாட்டினம்' என்ற வெளிர்சாம்பலுக்கு மாறியது. அந்தச் சாம்பல் பெட்டிகளும் பழுத்துப்போய், இன்று பார்ப்பவர்களுக்குப் பெய்ஜாகத் தெரிகின்றன. ஆக, நாம் ஏங்கும் நிறத்தில் பாதி தொழிற்சாலை கொடுத்ததே இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்து அதை வெளுக்கிறார்கள் சிலர். 'ரெட்ரோபிரைட்' என்று பெயர். வண்ணான் துறை வேலையேதான்.

ஆகவே புதிதாக இருந்தபோது காடா, வயதான பின் பழுப்பு என்று பிரித்துச் சொல்லலாம். என் அலமாரியில் ஒரு பழைய விசைப்பலகை கிடக்கிறது. எழுத்து விசைகள் பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக் என்பதால் இன்னும் காடாவாகவே இருக்கின்றன. ஸ்பேஸ்பார் மட்டும் நன்றாகப் பழுத்துவிட்டது.