சேலத்துத் தண்ணீரும் வீட்டுச் சலவைத்தூளும்

வீட்டிலேயே சலவைத்தூள் செய்வதற்கான குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் சொல்கின்றன: சோப்புக் கட்டியைத் துருவி, சலவைச் சோடாவைக் கலந்து, ஈரம் படாமல் டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். செலவு குறைவு, வேலையும் எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தூள் துணியை வெளுக்குமா, நாளடைவில் மங்கச் செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது அதைக் கரைக்கும் தண்ணீர்தான்; ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் சேலத்து வீடுகள் முதலில் கவனிக்க வேண்டியதும் அதுவே.

சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. அதன் மூலக்கூறின் நீண்ட வால்பகுதி எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொள்ள, தலைப்பகுதி தண்ணீரை நாடி நிற்பதால், அழுக்கு நுண்துளிகளாகப் பிரிந்து அலசும் தண்ணீரோடு வெளியேறுகிறது. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீரில், அதாவது கடினநீரில், அந்தத் தலைப்பகுதி சோடியத்தை விட்டுவிட்டு அவற்றோடு இணைந்து, நீரில் கரையாத பொருளாகத் திரிந்துவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பாட்டிலில் மழைநீரும் இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு துருவிய சோப்பைப் போட்டுக் குலுக்கினால், மழைநீரில் நுரை கெட்டியாக நிற்கும்; கடினநீரிலோ நுரை சட்டென்று அடங்கி, நீர் பால்போலக் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். வாளியின் விளிம்பில் பிசுபிசுப்பாக ஒட்டுவதும், வெள்ளை வேட்டியைச் சாம்பல் பூக்க வைப்பதும் இந்தத் துணுக்குகளே.

இதில் எவ்வளவு சோப்பு வீணாகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது) உள்ள நீர் 20 லிட்டர் வாளி நிறைய இருந்தால், அழுக்கைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ 37 கிராம் சோப்பு நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளுக்கே போய்விடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவாக 200 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது உச்ச வரம்பாக 600 மில்லிகிராமையும் வைத்திருப்பதால், 300 என்பது அரிதான அளவன்று.

சலவைச் சோடாவின் பங்கு இங்கேதான். சோடியம் கார்பனேட்டாகிய அது கால்சியத்தைக் கார்பனேட்டாகப் படியவைத்து, சோப்பைக் காப்பாற்றுகிறது. அதே வாளிக்கு, கோட்பாட்டளவில், நீரற்ற சோடாத்தூள் 6 அல்லது 7 கிராம் போதும். சமையல் சோடா இதற்கு ஈடாகாது. அதைச் சூடாக்கினால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவைச் சோடாவாக மாறும் என்பது வேறு விஷயம்.

மெக்னீசியம் அவ்வளவு எளிதில் வசப்படாது. அதன் கார்பனேட் ஓரளவு நீரில் கரையக்கூடியது. காரத்தன்மை நன்றாக உயர்ந்தால்தான் அது ஹைட்ராக்சைடாகப் பிரியும். ஏற்காடு மலையடிவாரத்தில் ஓமலூர் பக்கமாக நீளும் மேக்னசைட் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்படுவது மெக்னீசியம் கார்பனேட்தான். அதைச் சூழ்ந்த டூனைட் பாறையும் மெக்னீசியம் மிகுந்தது. இத்தகைய பாறைகளின் ஊடே ஊறி வரும் கிணற்று நீருக்கு, பொதுவான குறிப்பில் சொல்லும் சோடா அளவு போதாமல் போகலாம். ஆகவே தூளை அப்படியே கொட்டாமல், முதலில் சோடாவை மட்டும் வாளித் தண்ணீரில் கரைத்து, சற்று நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரை இறுத்தெடுத்து, அதன்பிறகு சோப்பைக் கரைப்பது நல்லது. மழைநீர் சேமிப்புத் தொட்டி உள்ள வீடுகளுக்கு இந்தச் சிரமமே இல்லை. கடைச் சலவைத்தூளில் உள்ள செயற்கைச் சலவைப்பொருளின் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்பின் உப்புகளைவிட நன்றாகக் கரைவதால்தான், அது கடினநீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

பூந்திக்கொட்டை வேறு வகை. அதன் தோலில் உள்ள சபோனின் என்னும் நுரைக்கும் பொருளின் மூலக்கூறில் சர்க்கரைப் பகுதி நீரையும் மற்றப் பகுதி எண்ணெயையும் நாடுகின்றன. கடினநீரில் அது சோப்பைப்போலத் திரிவதில்லை. அழுக்கு நீக்கும் வலிமை குறைவு என்பதால் சட்டைக் காலரில் படிந்த பிசுக்குக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சேலம் வெண்பட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வீட்டில் கிடைக்காது. பட்டிழை புரதத்தால் ஆனது. சலவைச் சோடாவின் காரம் அந்தப் புரதத்தை மெல்ல அரித்து, பளபளப்பைக் கெடுக்கும். பூந்திக்கொட்டைச் சாறோ இலேசான அமிலத்தன்மை உடையது. விதையை நீக்கிய தோலை இரவு முழுவதும் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே பட்டுத்துணியை அதில் நனைத்து, கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். மிஞ்சிய சாறு சில நாட்களில் புளித்துவிடும் என்பதால், தேவைப்படும் அளவுக்கு மட்டும் காய்ச்சிக்கொண்டால் போதும்.