உங்கள் கட்டுரைகள் உங்கள் பெயரில்தான் இருக்கின்றனவா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலோ திருகோணமலை வைத்தியசாலையிலோ பணிபுரிந்துகொண்டே மருத்துவ ஆய்வு செய்பவர்களில் பலர், பதவி உயர்வு விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் தங்கள் மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது தங்கள் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டியுள்ளனர் என்பதை, தேடிப் பார்க்கிறார்கள். எதிர்பார்த்ததில் பாதிகூட வராது. பெரும்பாலும் ஆய்வில் குறை இருக்காது. பெயரில்தான் சிக்கல்.

நாங்கள் தகப்பன் பெயரை முன்னேயும் சொந்தப் பெயரைப் பின்னேயும் எழுதுகிறோம். ஸ்கோபஸ் போன்ற, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதியும் தரவுத்தளங்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு சஞ்சிகைக்கு இந்த வரிசையிலும் அடுத்ததற்கு மாற்றியும் கொடுத்தால் ஸ்கோபஸில் நீங்கள் இரண்டு ஆட்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்து குழப்பும். தர்ஷினி என்ற பெயரை 'டி' மட்டும் போட்டும் தொடங்கலாம், 'டிஎச்' போட்டும் தொடங்கலாம். திருமணத்தின் பின் தகப்பனின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போடும் பெண்களுக்குத்தான் இதில் இழப்பு அதிகம். பழைய கட்டுரைகள் யாரோ ஒருவருடையவை போலத் தனியே கிடக்கும்.

இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-சுட்டெண் என்பது, குறைந்தது எத்தனை கட்டுரைகள் அத்தனை முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே. ஏழு கட்டுரைகளுக்கு முறையே 14, 9, 6, 5, 5, 2, 0 மேற்கோள்கள் என்றால் சுட்டெண் 5. அதே ஏழும் இரண்டு பெயர்களில் சிதறி, ஒன்றில் 14, 9, 5, 2 என்றும் மற்றதில் 6, 5, 0 என்றும் நின்றால், முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 2. ஒரு மேற்கோளும் குறையவில்லை, சுட்டெண் மட்டும் 5இலிருந்து 3க்கு இறங்கிவிட்டது.

திருத்துவதற்குக் காசு தேவையில்லை. முதலில், ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) எண் எடுங்கள். 16 இலக்கம், இலவசம். பழைய பெயர்கள், வேறு எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் போடுங்கள். பணியிட மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள்; இடமாற்றம் வந்தால் பணியிட முகவரி போய்விடும், கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்பீர்கள். கட்டுரை அனுப்பும்போதே இந்த எண்ணைக் கொடுங்கள். ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி சந்தா இல்லாமலே கேட்கலாம். கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்கொலரில், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறிவிடும். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கூகுள் ஸ்கொலர் பட்டப்படிப்பு ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் இடப்படும் கட்டுரைகள்) எண்ணுவதால் அதன் தொகை எப்போதும்போல் ஸ்கோபஸைவிடக் கூடுதலாக நிற்கும். ஆகவே விண்ணப்பத்தில் எண்ணை மட்டும் எழுதாமல், எங்கே, எந்தத் திகதியில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். சஞ்சிகையின் தாக்கக் காரணியை உங்கள் தகுதியாகக் காட்டாதீர்கள். 2024க்கான காரணி என்பது, அந்தச் சஞ்சிகை 2022, 2023இல் வெளியிட்டவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. உங்கள் கட்டுரையை ஒருவரும் தொடாமலே அது உயர்வாக இருக்கலாம்.

அந்தக் காரணியைக் கணித்து வெளியிடுவது கிளரிவேட் நிறுவனம். வேறு ஏதோ 'உலகத் தாக்கக் காரணி' என்று சொல்லி, ஒரு கிழமையில் பிரசுரிப்போம் என மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். 'ஸ்கோபஸில் உள்ளது' என்றால் இன்னும் உள்ளதா என்று ஸ்கோபஸின் சஞ்சிகைப் பட்டியலில் (Sources) எந்த ஆண்டுவரை சேர்க்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். இடையில் நீக்கப்பட்டவை உண்டு. இப்படியான சஞ்சிகையில் ஒருமுறை வெளிவந்துவிட்டால் அதே தரவை நல்ல சஞ்சிகைக்குக் கொடுக்க முடியாது, இரட்டைப் பிரசுரம் ஆகிவிடும். பல மாத உழைப்பு அப்படியே புதைந்துபோவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

மேற்கோள் எண் எல்லாப் பயனையும் காட்டாது. 2017 மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது. எந்தக் கிணற்றில், எந்தத் தொட்டியில் நுளம்பு பெருகுகிறது என்று காட்டும் ஓர் ஆய்வு இவ்வாறான ஊருக்கு உடனே பயன்படும். வெளிநாட்டில் எவரும் அதை மேற்கோள் காட்டாமலும் போகலாம். உங்கள் ஆய்வைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பயன்படுத்தியிருந்தால், எதற்கு, எப்போது என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் கேட்டு வாங்கி, மேற்கோள் பட்டியலோடு சேர்த்து இணையுங்கள். அதிகாரி மாறிப்போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.