மலைப் பயணத் திட்டத்தை இறக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்

போடிநாயக்கனூரில் வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை நடத்தும் எனக்கு, மூணாறு சென்று திரும்பும் வண்டிகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் வந்து சேர்கின்றன. சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு காரின் முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர், கூரை மேல் மூட்டைகள். மலைமேல் உள்ள போடிமெட்டிலிருந்து இறங்கும்போதே துணி கருகும் வாசம் வந்ததாகவும், தேயிலைத் தொழிற்சாலை வாசம் என்று நினைத்துவிட்டதாகவும் பின்னிருக்கையில் இருந்த பெரியம்மா சொன்னார். ஓட்டி வந்த இளைஞர், "பிரேக் பிடிக்குதுண்ணே, ஆனா மிதிச்சா பெடல் உள்ள போயிட்டே இருக்கு" என்றார். மூன்று நாள் பயணத்துக்கு எந்த விடுதி, எந்த அருவி, எங்கே மதிய உணவு என்று அந்தக் குடும்பம் ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தது. திரும்பும் நாளுக்கு எதிரே 'ஊர் திரும்புதல்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் தொடங்கி, பாம்பன் பாலம், இராமநாதபுரம், மதுரை, தேனி, போடிமெட்டு, மூணாறு வழியாகக் கொச்சியில் முடியும் சாலையைப் போல வேறொன்று தென்னிந்தியாவில் அரிது. ஒரு கடலில் புறப்பட்டு, மலையைத் தாண்டி, மறு கடலைத் தொடலாம். ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளும் இது முன்பு 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது; இன்று 85, 87 என்று இரண்டு எண்களில் பிரிந்திருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைக் காலையில் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய தேயிலைச் சரிவுகளில் நிற்க முடிவது பெரும் பேறு. அதை யாரும் தவறவிட வேண்டாம் என்பதே என் விருப்பம்.

ஆனால் திட்டத்தை முதல் நாளிலிருந்து எழுதாமல், கடைசி நாளிலிருந்து எழுதுங்கள். ஏற்றத்தில் வண்டி தன் குறையைத் தானே சொல்லிவிடும்: எஞ்சின் முனகும், வெப்பமானியின் முள் உயரும், கிளட்ச் தீயும் வாசம் வரும், பாரம் அதிகமென்றால் இழுக்க மறுக்கும். இறக்கத்தில் அதே வண்டி லேசாக ஓடுவது போலத் தோன்றும். ஓட்டுபவர் களைத்திருப்பார், மறுநாள் வேலை நினைவில் இருக்கும், மாலை மூட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். பிரேக் தன் குறையைச் சொல்லும்போது பெரும்பாலும் பாதி மலை பாக்கி இருக்கும்.

போடிமெட்டிலிருந்து அடிவாரத்துக்கு வரும் வண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆட்களோடும் சுமையோடும் 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்கிறதா, பிரேக் ஏற்கிறதா என்பதை ஓட்டுபவர்தான் முடிவு செய்கிறார். முழுவதையும் பிரேக்கின் மேல் போட்டால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் பிடிமானத்தை இழக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயில் வரை செல்லும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அந்த இளைஞரின் பெடல் உள்ளே போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட பிரேக் ஆயிலை ஐந்தாறு ஆண்டுகள் அப்படியே விட்டிருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; மலைக்குப் புறப்படும் முன் பேட்டின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டுநர்களின் வழக்கம். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். வளைவுக்கு முன்பு மட்டும் பிரேக்கை உறுதியாக மிதித்து, பிறகு முழுவதுமாக விட்டுவிடலாம். இறக்கம் முழுவதும் பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் கேடு. ஆட்டோமேட்டிக் கார்களிலும் பெரும்பாலும் எல் என்ற குறைந்த கியர் நிலையோ கைமுறை நிலையோ இருக்கும். அதைச் சமவெளியிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். எஞ்சினை அணைத்து இறங்குவது அதைவிடக் கொடியது. மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டரின் துணை ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

பெடல் இறங்குவதை உணர்ந்தால், விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள். நின்ற பிறகு முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும், விரிசலும் விடலாம். பெடல் மறுபடி கெட்டியானாலும் பயணத்தைத் தொடர அது போதாது, மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள்.

கடற்கரையில் வண்டிக்கு நேர்வதற்கும் மலையில் நேர்வதற்கும் தொடர்பு உண்டு. தனுஷ்கோடியில் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்கிய கார் புதைந்துவிட்டால், டயரில் காற்றைக் குறைத்து வெளியே எடுப்பார்கள். அந்தக் காற்றை மறுபடி நிரப்ப மறந்து, தொளதொளத்த டயரோடு போடிமெட்டு வரை வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மணலில் இறக்காமல் இருப்பதே நல்லது. இராமேசுவரத்தை விட்டுக் கிளம்பும் முன் காற்றைச் சரிபார்த்து, வண்டியின் அடிப்பகுதியையும் சக்கரங்களின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கடலோர ஊர்களிலேயே வாழும் வண்டியானால் பிரேக் குழாய்களில் துரு இருக்கிறதா என்று தூக்கி வைத்துப் பார்ப்பது அவசியம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த வழியில் சற்றுச் சிக்கலானது, ஏனென்றால் ஒரே சாலை இரண்டு பருவமழைகளுக்கும் உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இராமநாதபுரம் கடற்கரையும் போடிமெட்டுச் சரிவும் நனையும், பாறை உருளும். 2020 ஆகஸ்ட்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நடந்த மண்சரிவில், எங்கள் மொழி பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உறக்கத்திலேயே புதையுண்டதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கனமழை எச்சரிக்கை இருந்தால், விடுதிக்குக் கட்டிய முன்பணத்தை நினைக்காமல் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் இரு பக்கத்துக்கும் நல்ல மாதங்கள். வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலால் பிப்ரவரியில் இரவிகுளம் தேசியப் பூங்கா மூடப்படும் என்பது ஒன்றே குறை.

போடியிலிருந்து மூணாறு 70 கிலோமீட்டருக்கும் குறைவுதான் என்று பார்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். மூன்று மணி நேரம் வையுங்கள். திரும்பும் நாளில் மூணாறிலிருந்து காலை உணவு முடிந்ததும் கிளம்பி, நண்பகலுக்குள் போடிமெட்டைத் தாண்டிவிட்டால் வெளிச்சம் இருக்கும், மூட்டம் இருக்காது. ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதியில் இருட்டிய பிறகு யானைகள் சாலையைக் கடக்கும். குறுகிய இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். இறங்குகிற நீங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதானால் மஞ்சள் எண்பலகை வண்டியாகவும், நீங்களே ஓட்டுவதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியாகவும் பார்த்து எடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த காரை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

அடிவாரத்தில் முந்தல் வந்ததும் ஓரமாக நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிப் புறங்கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடது முன்சக்கரத்துக்கும் வலது முன்சக்கரத்துக்கும் இடையே சூட்டில் பெரிய வேறுபாடு இருந்தால், பேட்டை அழுத்தும் காலிப்பர் ஒரு பக்கத்தில் சிக்கிக்கொண்டிருக்கலாம். அந்த வண்டியை மதுரை வரை ஓட்டாமல், போடியிலேயே ஒரு பட்டறையில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.