தொட்டி வந்தாச்சு, மீன் இப்போதைக்கு வேண்டாம்

வீட்டில் பெரிய செடித்தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடியும் வளர்க்கிற மீன்தொட்டி, வைக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மீன் பட்டியலோடுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நியான் டெட்ரா முப்பது, டிஸ்கஸ் நாலு, தரை முழுக்க கார்ப்பெட் செடி. எல்லாம் வீடியோவில் பார்த்தது. நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்த மாடி? என்ன தண்ணீர்? மதுரையில் ஒரு தொட்டி நிலைப்பதும் நிலைக்காததும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் எடை. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி 450 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போட்ட பிறகு தண்ணீர் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 90 கிலோ பக்கம் வரும். மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 650 கிலோ. அத்தனையும் எட்டுச் சதுர அடியில் உட்கார்கிறது. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் அது 850-ஐத் தாண்டுகிறது. அதற்காகத் தளம் உடனே விழுந்துவிடாது, பாரம் பக்கத்துக்குப் பரவும். ஆனால் நடு ஹாலில் வைக்காதீர்கள். கீழே பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டி வையுங்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் போட்ட தளம் இன்னும் இருக்கிறது. அங்கே மாடியில் பெரிய தொட்டி என்ற பேச்சே வேண்டாம். கீழ்த்தளம் என்றால் கவலை இல்லை. செங்கல் கட்டி மேலே கடப்பாக் கல் போட்டாலே போதும், அழகு பார்ப்பவர்கள் மரப்பெட்டி செய்துகொள்ளலாம். எதுவானாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, தெர்மாக்கோல் விரித்து அதன்மேல் தொட்டியை இறக்குங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் இழுவை முழுதும் அந்தப் பக்கத்து சிலிக்கான் ஒட்டின்மேல் விழும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் நல்ல தண்ணீர், குளோரினை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் 400 லிட்டர் தொட்டிக்கு அதை நம்ப முடியாது. வருவதே குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். ஆக, போர் தண்ணீர்தான் கதி. குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் தண்ணீர் கடினம், அதாவது கால்சியம், மக்னீசியம் உப்பு அதிகம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் சில வீடுகளில் ஆயிரத்தைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் நியான் டெட்ராவும் டிஸ்கஸும் சிரமப்படும்.

"அப்போ ஆர்.ஓ. தண்ணீரை ஊத்திடுவோம்" என்பார்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பே இருக்காது. செடிக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியமும் கிடையாது, பி.ஹெச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) திடீரென்று சரியும். கலந்துதான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,200 என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 300-ஐ ஒட்டி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் நாளுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் பதினைந்து. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் மறுபடி நாலு கேன். வருஷம் முழுக்க. தொட்டி விலையைப் பேரம் பேசுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சேமித்துத் தொட்டியில் விடுகிறவர்களும் உண்டு. உப்பு அதிகமாக இருப்பதே அதில்தான்.

என்னைக் கேட்டால், தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது மேல். கப்பி, மோலி, பிளாட்டி, ரெயின்போ எல்லாம் கடினத் தண்ணீரில் செழிக்கும். செடியில் வாலிஸ்நேரியா அப்படித்தான், கண்டபடி பரவும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் பொறுத்துக்கொள்ளும். அவற்றின் தண்டை மட்டும் மண்ணில் புதைக்காமல் கட்டையிலோ கல்லிலோ கட்டிவிடுங்கள். கல் என்றால் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் நல்லது, தண்ணீரில் எதையும் கரைக்காது. வேறு கல்லாக இருந்தால் மேலே கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

இனி தலைப்புக்குக் காரணமான விஷயம். திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு. தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கியிருந்தார். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் சிவந்திருந்தது. "தம்பி, தண்ணி தெளிவாத்தானே இருக்கு?" என்றார். தெளிவாகத்தான் இருந்தது. சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் வைத்தோம். மஞ்சளாக நின்றால் அமோனியா இல்லை என்று அர்த்தம். அது மஞ்சளில் தொடங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சைக்குப் போனது. உடனே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியை நிறுத்தினோம்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாக மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடையில் பாட்டிலில் விற்கிற மருந்து இதை ஒரே நாளில் செய்துவிடும் என்று நம்பாதீர்கள். நம் ஊருக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. அமோனியாவின் விஷப் பகுதி பி.ஹெச். ஏற ஏறக் கூடும், சூடு ஏறினாலும் கூடும். 30 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷமாக இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே சூட்டில் பி.ஹெச். 8 என்றால் ஏழு சதவீதத்தைத் தாண்டும். நம் போர் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் இந்த நிலைமைதான்.

அதனால் முதல் மாதம் செடி மட்டும். வேகமாக வளர்கிற தண்டுச் செடிகளை நெருக்கமாக நடுங்கள், அமோனியாவை அவை உறிஞ்சும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் பாக்டீரியாவுக்கு இரை. நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஃபில்டர் ஸ்பாஞ்சு கொஞ்சம் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஐந்தாறு சின்ன மீன், அப்புறம் மெதுவாக மற்றவை. இந்தக் காலத்தில் செடியின் பழைய இலைகள் கரைந்து அழுகும். நர்சரியில் அவை தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. புது இலை வரும் வரை பிடுங்கிப் போடாமல் பொறுங்கள். விளக்கு ஆறு மணி நேரம் போதும், அதற்கு மேல் எரித்தால் பாசிதான் வளரும்.

ஹீட்டர் மதுரைக்குத் தேவையில்லை. மே மாதம் தொட்டித் தண்ணீரே 32 டிகிரிக்குப் போகும், ஆக்ஸிஜன் குறையும். மேலே சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கூடவே தினம் சில லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். செடிக்காகக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைப்பவர்கள் விளக்கு அணையும்போது அதுவும் நிற்கிற மாதிரி வால்வு போடுங்கள்; ராத்திரியில் செடி அதை எடுக்காது, மீன்தான் மூச்சுத் திணறும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் போகும் நாளில் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா ஃபில்டர்) இன்வெர்ட்டரில் ஓடட்டும். அது முடியாவிட்டால், கரண்ட் வந்ததும் அப்படியே போட்டுவிடாதீர்கள். உள்ளே ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்துக் கெட்ட தண்ணீர் தேங்கியிருக்கும். திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் போடுங்கள். வயர்கள் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு ஏறட்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் தொட்டியை இணைக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. பாசி தின்னும் என்று விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வண்டியூர் கண்மாயிலோ வைகையிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. இங்கே அதைத் தின்ன ஆளில்லை, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. வெட்டிய செடியைச் சாக்கடையில் போடுவதும் இதே கதைதான், ஆகாயத்தாமரையும் வெளியிலிருந்து வந்து பரவியதுதானே. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலான கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். செடியை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.