ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட்: பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் கராத்தே வகுப்புக்கு வந்தார். ஏழாவது படிக்கிற பெண், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி ஈரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். கையில் ஒரு ஃபைல், அதில் வரிசையாகச் சர்டிபிகேட், பையில் பிரவுன் பெல்ட். "பிரவுன் வாங்கி நாலு மாசம் ஆச்சுங்க மாஸ்டர், பிளாக் பெல்ட் டெஸ்ட் எப்பங்க?" என்றார். கராத்தேயில் சேர்ந்து எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டேன். பதினாலு மாதம் என்று பெருமையாகச் சொன்னார்.

சரி, ஒரு பஞ்ச் பண்ணு பாப்பா என்றேன். கையை மடக்கினாள். கட்டை விரல் முஷ்டிக்கு உள்ளே இருந்தது. முதல் நாள் வகுப்பில், வெள்ளை பெல்ட்டுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கும் முன்பே திருத்திவிடுகிற விஷயம் இது. அந்தக் கையோடு எதையாவது ஓங்கிக் குத்தினால் உடையப்போவது அவளுடைய விரல்தான். அடுத்து மவாஷி கேரி, அதாவது காலைப் பக்கவாட்டில் சுழற்றி உதைக்கிற உதை, உதைக்கச் சொன்னேன். கால் நல்ல உயரத்துக்குப் போனது, ஆனால் ஊன்றிய காலின் பாதம் திரும்பவே இல்லை, அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, இடுப்பு மட்டும் திரும்பி முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கியது. "முட்டி வலிக்குதா கண்ணு?" என்றதும் அப்பாவைத்தான் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே வலியாம். பிரவுன் பெல்ட் வாங்கிவிட்டு வலிக்கிறது என்று சொன்னால் மாஸ்டர் திட்டுவார் என்று வீட்டிலும் சொல்லவில்லையாம்.

அந்தக் குழந்தை மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். அப்பா மேலும் முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிரேடிங் என்று வைத்து, பணம் கட்டிய எல்லோருக்கும் அடுத்த நிறத்தைக் கட்டிவிட்ட அந்த வகுப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும். இது ஒரே ஒரு கேஸாக இருந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பள்ளி திறக்கிற ஒவ்வொரு ஜூனிலும் இப்படி யாராவது வருகிறார்கள், வயது மட்டும் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது.

என்னிடம் பெற்றோர் அதிகம் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "என் பையன் எல்லாக் கட்டாவும் பண்றானே மாஸ்டர், அப்புறம் ஏன் பெல்ட் தர மாட்டேங்கறீங்க?" இதை எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த கிரேடிங்குக்கு முன்னால் திரும்பவும் வந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

கட்டா என்றால் எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துத் தனியாகச் செய்கிற, வரிசை மாறாத அசைவுத் தொகுப்பு. கட்டாவின் வரிசை தெரிவது வேறு, கட்டா தெரிவது வேறு. ஷோட்டோகான் என்கிற கராத்தே பிரிவில் முதலில் வருகிற ஹெய்யான் ஷோடன் கட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 21 அசைவுதான். கவனம் உள்ள பத்து வயதுப் பிள்ளை இரண்டே வாரத்தில், வீடியோவைப் பார்த்தால் இன்னும் சீக்கிரமாகக்கூட, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே கியாய் (அடிக்கும்போது எழுப்புகிற சத்தம்) போட வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடும். திருக்குறளை ஒப்பிக்கிற பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே, அதே கதைதான். இந்தக் கட்டாவின் நாலாவது அசைவில் முன்கையைச் சட்டென்று உடம்போடு இழுத்து, மேலே சுழற்றி, சுத்தியல் மாதிரி இறக்குவோம். எதிரே இருப்பவன் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான், அதை உருவிக்கொண்டு திருப்பி அடிக்கிறோம் என்பது அதன் பொருள். நான் டெஸ்ட்டில் நிஜமாகவே பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது அந்த அசைவைச் செய் என்பேன். வரிசை மட்டும் தெரிந்த பிள்ளை தோளால் இழுக்கும், கை வராது, முகம் சிவந்துவிடும். கட்டா தெரிந்த பிள்ளை முன் காலைப் பின்னால் வாங்கி, இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும், என் பிடி தானாகத் தளரும். இரண்டு பேரும் மேடையில் கட்டா செய்தால் வீடியோ எடுக்கிற உங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கு அப்படித் தெரியாது. அந்த வித்தியாசம் வருவதற்கு ஆறு மாதமும் ஆகும், சில பிள்ளைகளுக்கு ஒரு வருடமும் ஆகும். அதுவரை அடுத்த கட்டாவைச் சொல்லிக்கொடுப்பேன், பெல்ட்டை மாற்ற மாட்டேன்.

அடுத்தது, "ஜப்பானில் ஒன்றிரண்டு வருஷத்துலயே கொடுக்கறாங்களாமே?" உண்மைதான், கொடுக்கிறார்கள். யாருக்கு? அங்கே பல்கலைக்கழக கராத்தே கிளப்பில் இருக்கிற பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு. அவர்கள் கிட்டத்தட்ட தினமும் பயிற்சி செய்கிறவர்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும், லீவு போக வருடத்துக்கு 450 மணி நேரம் வரும். நம் பிள்ளை சனி, ஞாயிறு தலா ஒரு மணி நேரம் வருகிறது. வருடத்துக்கு 104 வகுப்பு. அதில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு, தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், காய்ச்சல், மழை எல்லாம் கழித்தால் 80 மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். அவர்கள் ஒரு வருடத்தில் செய்ததை நம் பிள்ளை செய்து முடிக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். வருடத்தை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த பெல்ட் வரலாறே ரொம்பப் பழையது இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோதான் 1883-இல் முதன்முதலாக இரண்டு மாணவர்களுக்கு டான், அதாவது இன்றைய பிளாக் பெல்ட் நிலைக்கான தகுதி கொடுத்தார். அந்த முறையை கராத்தேக்குக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனாகோஷி 1924-இல் ஏழு பேருக்குக் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று இடையில் வருகிற நிறங்களெல்லாம் பெருமளவு ஐரோப்பாவில் பரவியவை. 1930-களில் பாரிசில் ஜூடோ சொல்லிக்கொடுத்த மிகினோசுகே கவைஷிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு முன்னேற்றம் இருந்தால் மாணவர்கள் பாதியில் விட்டுப் போக மாட்டார்கள் என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான், நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஊக்கத்துக்காக வந்த நிறங்களை வருமானத்துக்காக ஓட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எவ்வளவு நாள்தான் ஆக வேண்டும்? என் வகுப்பில் வாரம் இரண்டு, மூன்று நாள் ஒழுங்காக வருகிற, பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு நான் வைத்திருக்கிற கணக்கைச் சொல்கிறேன். வெள்ளையிலிருந்து மஞ்சள் மூன்று, நாலு மாதம். அடுத்த இரண்டு நிறமும் தலா நாலு மாதம். பச்சைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம், ஏனென்றால் அங்கேதான் குமித்தே, அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது, நிஜமாகத் தொடங்குகிறது. பிரவுனில் மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு மாதம். கடைசி பிரவுனிலிருந்து பிளாக் பெல்ட் டெஸ்ட்டுக்குக் குறைந்தது ஒரு வருடம். கூட்டிப் பாருங்கள், எங்கேயும் தடங்கல் இல்லாவிட்டாலே நாலு வருடம் வரும். நடைமுறையில் ஐந்து, ஐந்தரை ஆகிறது. அதிலும் பதினாலு வயதுக்குக் கீழே இருந்தால் ஜூனியர் பிளாக் பெல்ட்தான் தருவேன், பெரியவர்களுக்கான டெஸ்ட்டை வயது வந்ததும் திரும்ப எழுத வேண்டும்.

இது என் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். டேக்வாண்டோவில் கொரியாவின் தலைமை அமைப்பான குக்கிவொன் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டான் தருவதே இல்லை, பூம் என்று தனித் தகுதி, பாதி சிவப்பு பாதி கறுப்பு பெல்ட். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு வருடம், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டு வருடம், மூன்றிலிருந்து நாலுக்கு மூன்று வருடம் என்று காத்திருப்பு ஏறிக்கொண்டே போகும். பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் 16 வயது ஆகாமல் நீல பெல்ட்டே கிடையாது, கறுப்புக்கு 19 வயதாவது ஆக வேண்டும், பத்து வருடம் உழைத்து வாங்குகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே இழுத்தடிக்கிற மாஸ்டர்களும் இருக்கிறார்கள். என் வகுப்பில் பெல்ட் வாங்குவது அவ்வளவு கஷ்டம் என்று பேர் வாங்குவதற்காக, தயாராக இருக்கிற பிள்ளையை இரண்டு வருடம் ஒரே நிறத்தில் நிறுத்தி வைப்பது, மாதக் கட்டணம் பாக்கி என்று டெஸ்ட்டில் உட்கார விடாமல் செய்வது, இதுவும் அநியாயம்தான். ஒரு பிள்ளைக்கு பெல்ட் தள்ளிப்போகிறது என்றால் எது சரியில்லை, எதைச் சரி செய்ய வேண்டும் என்று மாஸ்டர் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆறேழு வயதுக் குழந்தைக்கு நாலு மாதம் என்பது பெரிய காலம், அவர்களுக்கு பெல்ட் நுனியில் ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டால் போதும், அந்தச் சந்தோஷமே தனி. நிறத்தை மாற்ற அவசரமில்லை.

அப்புறம் இந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா. "டென்த் வர்றதுக்குள்ள பிளாக் பெல்ட் முடிச்சிடணும் மாஸ்டர், காலேஜ் சீட்டுக்கு ஆகும்" என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஆகாது. கோட்டாவில் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ நாட்டுக்கோ விளையாடியதையும் வாங்கிய பதக்கத்தையும்தான். பெல்ட் சர்டிபிகேட்டுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. இதை நம்பிப் பணம் கட்டியவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

எனக்கு நிஜமாகவே பயம் தருகிற பேச்சு வேறு. "பிளாக் பெல்ட்டுங்க, இனி டியூஷன் முடிஞ்சு ராத்திரி தனியா வந்துடுவா" என்று ஒரு அம்மா சொன்னார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள் அம்மா. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளை எழுபது கிலோ ஆளைச் சமாளிக்கும் என்று எந்த பெல்ட்டும் உத்தரவாதம் தராது, சரியாகப் பயிற்சி எடுத்த பெல்ட்டும் தராது. நான் முதலில் சொல்லித்தருவது தூரம் வைத்துக்கொள், கத்து, ஓடு. வேகமாக பெல்ட் வாங்கிய பிள்ளைக்குத்தான் ஓடுவது அவமானம் என்று தோன்றுகிறது. அந்தத் தைரியம்தான் அதற்கு ஆபத்து.

இனி நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேர்க்கும் முன்பே கேளுங்கள், போன கிரேடிங்கில் எத்தனை பேர் ஃபெயில் என்று. யாருமே ஆகவில்லை, எப்போதுமே ஆனதில்லை என்றால் அது டெஸ்ட் இல்லை, பரிசளிப்பு விழா. "இத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் உறுதி" என்று நோட்டீசில் போட்டிருந்தால் அந்தப் படியே ஏறாதீர்கள். டபுள் புரமோஷன் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரவுனுக்கு மேலான டெஸ்ட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த எக்ஸாமினர் வருகிறாரா என்று விசாரியுங்கள், தன் மாணவனுக்குத் தானே மார்க் போடும்போது எந்த மாஸ்டருக்கும் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகும். பிளாக் பெல்ட்டை யார் தரலாம், யார் தரக்கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை, அதனால் விசாரிக்கிற பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

உலக சாதனை என்று பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து ஓடு உடைக்கச் சொல்கிற, கை மேல் பைக் ஏற்றுகிற நிகழ்ச்சிக்கு, பெல்ட் தருகிறோம் என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயது வரைக்கும், பையன்களுக்கு 16, 17 வரைக்கும் எலும்பு முனைகளில் வளர்ச்சிப் பகுதி மூடாமல் இருக்கும். அங்கே அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

வகுப்பு மாறி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பெல்ட்டை எல்லோர் முன்னாலும் நான் அவிழ்க்கச் சொல்வதில்லை, பிள்ளை மனசு உடைந்துவிடும். கட்டிக்கொண்டே வரட்டும், ஆனால் ஆறு மாதம், எட்டு மாதம் அடிப்படையை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவரை டெஸ்ட் கிடையாது. இதற்கு வீட்டில் நீங்கள் சம்மதித்தால்தான் பிள்ளையும் சம்மதிக்கும். "அங்கேயே இருந்திருந்தா இந்நேரம் பிளாக் வாங்கியிருப்பே" என்று பிள்ளை காதில் விழுகிற மாதிரி மட்டும் பேசாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முட்டி, மணிக்கட்டு, இடுப்பு என்று பிள்ளை ஒரு வாரத்துக்கு மேல் வலி சொன்னால், கிரேடிங் தேதியைப் பார்க்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் விளையாடலாம் என்று சொல்லும்வரை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். கட்டிய டெஸ்ட் பணம் எங்கேயும் போகாது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.